அணைக்கரைக் குடிலில் தங்கி இரவு வானம் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் பக்கம் ஓர் இரவு தங்கக் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

நம்ம மாவட்டத்துல குளம்தானே உண்டு, ஏரி எங்க இருக்கு? எந்தத் தண்ணிக்கரையில போய் தங்கணும்?

நாஞ்சில் நாட்டில் குளங்கள்தான் அதிகம். தேரூர், வேம்பனூர் போன்றவை பறவை பார்க்க அருமையான இடங்கள். ஆனால் சுற்றிலும் ஊரும் சாலை விளக்குகளும் இருப்பதால் இரவு வானத்துக்கு அவை உதவாது. விரிந்த தண்ணீரும் இருட்டும் சேர்ந்து வேண்டுமென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து அணைகளுக்குத்தான் போக வேண்டும். கோதையாற்றுக்குக் குறுக்கே 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை, பரளியாற்றின் பெருஞ்சாணி, சிறிய அணைகளான சிற்றாறு ஒன்று, இரண்டு ஆகியவை அவை.

அணை நீர்வளத்துறையின் பொறுப்பு, பின்னால் உள்ள காடு வனத்துறையுடையது. இரண்டு இடத்திலும் கூடாரம் போட நமக்கு அனுமதி கிடையாது. தங்குவதற்கு வழி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே பட்டா நிலத்தில் உரிமத்தோடு நடக்கும் குடில்களும் வீட்டுத் தங்கல்களும்தான்.

எந்த மாசம் வந்தா வானம் தெளிவா இருக்கும்?

ஜனவரி முதல் மார்ச் வரை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த மாவட்டத்தில் பெய்கின்றன. ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை மேகமில்லாத இரவு கிடைத்தால் அது அதிர்ஷ்டம். ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெயிலுக்குப் பிறகு மாலையில் இடிமழை வரும். அந்த மாதங்களை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரே ஓர் இரவை நம்பி வரக்கூடாது.

ஜனவரி, பிப்ரவரிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலம் அது. மற்ற மாதங்களில் கூரை போட்டது மாதிரி மூடிக்கிடக்கும் தோட்டம் அப்போது கிளைகளாக நிற்கும். முற்றத்திலிருந்தே வானம் தெரியும். மார்ச்சுக்குள் புதுத் தளிர் வந்து மறுபடி மூடிவிடும்.

நீர்மட்டத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் தொடங்கி பிப்ரவரி முடிய தண்ணீர் திறப்பார்கள். அதனால் கோடையில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பழைய மரக்கட்டைகளும் வண்டலும் வெளியே தெரியும். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணியின் முழு மட்டம் 77 அடி. கிளம்புமுன் நாளிதழில் வரும் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். வற்றிய கரையின் வண்டல் மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே சகதியாக இருக்கும், முழங்கால் வரை இறங்கும். அதில் நடக்காதீர்கள்.

அமாவாசைக்குத்தான் வரணுமா? பௌர்ணமியில வந்தா என்ன?

பௌர்ணமியில் தண்ணீரும் மலையும் அழகாகத் தெரியும், நட்சத்திரம் தெரியாது. நட்சத்திரத்துக்காக வருகிறவர்கள் அமாவாசைக்கு முன்பின் ஐந்து நாளுக்குள் வாருங்கள். விடுமுறை அப்படி அமையாவிட்டால் பௌர்ணமி கழிந்து ஐந்தாறு நாள் பொறுத்து வரலாம். நிலவு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும். ஆகவே அந்த நாட்களில் இரவு 10 மணி வரையாவது நல்ல இருட்டு கிடைக்கும்.

சூரியன் மறைந்ததும் இருட்டிவிடாது. இந்த ஊரில் முழு இருட்டுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பிப்ரவரியில் இரவு 7.45-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடில் புக் பண்ணும்போது என்னென்ன கேக்கணும்?

முதல் கேள்வி, தண்ணீர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுதான். தெற்கிலோ தென்கிழக்கிலோ தண்ணீர் இருந்தால் அந்தப் பக்கத்து அடிவானத்தை மரம் மறைக்காது. இந்த மாவட்டம் 8 பாகை அட்சரேகையில் இருப்பதால் வட இந்தியாவில் பார்க்க முடியாத விண்மீன்கள் பல இங்கே தெற்கில் தெரிகின்றன. இங்கே வந்து தங்குவதன் பெரிய லாபம் அதுதான். பேச்சிப்பாறையில் அணைக்கட்டை ஒட்டிய இடங்களில் தண்ணீர் பெரும்பாலும் வடக்கே இருக்கும். முன்னால் அழகான மலைக்காட்சி கிடைத்தாலும் தெற்கு வானம் தோட்டத்து மரங்களுக்குப் பின்னால் போய்விடும். உரிமையாளரிடம் குடிலின் இடத்தை வரைபடத்தில் அனுப்பச் சொல்லி நீங்களே திசை பாருங்கள். 'லேக் வியூ' என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது விளக்கு. வாசல், முற்றம், தோட்டத்து எல்இடி விளக்குகளை அணைக்க முடியுமா, சுவிட்ச் உங்கள் கைக்கு எட்டுமா என்று கேளுங்கள். சில இடங்களில் இருட்டினால் தானே எரியும் விளக்கு இருக்கும். அதை ஒரு சாக்கால் மூட உரிமையாளர் சம்மதிப்பாரா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மொட்டை மாடியோ வேலிக்குள் திறந்த முற்றமோ உண்டா என்பதையும் கேளுங்கள். காரணம் யானை பற்றிய கேள்வியில் வருகிறது.

வெளிய வந்து பார்த்தா நாலஞ்சு நட்சத்திரம்தான் தெரியுது. நாகர்கோவில்லயும் இதேதானே?

கண் இன்னும் இருட்டுக்குப் பழகவில்லை. விளக்கு வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் வேண்டும். அதற்குள் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். டார்ச் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று நான்கு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். மங்கலான சிவப்பு வெளிச்சம் பழகிய கண்ணை அதிகம் கெடுக்காது. போனில் வானவரைபடச் செயலி பயன்படுத்தினால் அதையும் சிவப்புத் திரைக்கு மாற்றி, வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறையுங்கள்.

மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள். விழித்திரையின் நடுப்பகுதி இருட்டில் பலவீனமானது. ஓரப் பார்வையில்தான் மங்கல் தெரியும்.

டெலஸ்கோப் வாங்கிட்டு வரணுமா?

வேண்டாம். முதல் சில இரவுகளுக்கு வெறும் கண் போதும். அதற்குப் பிறகு 7×50 அல்லது 10×50 பைனாகுலர். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். முதல் எண் 10-க்கு மேல் போனால் கை நடுக்கத்தில் நட்சத்திரம் கோடாக ஆடும். சாய்வு நாற்காலியில் படுத்து முழங்கையை ஊன்றிப் பிடித்தால் கார்த்திகைக் கூட்டமும் வேடன் (ஓரியன்) மண்டலத்து ஒளிமுகிலும் அழகாகத் தெரியும். முக்காலியில் பொருத்தினால் வியாழனின் நான்கு நிலவுகளும் தெரியும். சனியின் வளையத்துக்குத்தான் தொலைநோக்கி வேண்டும்.

பஞ்சாங்கத்துல சொல்லுற ரோகிணி, திருவாதிரை எல்லாம் வானத்துல நிசமாவே பாக்க முடியுமா?

முடியும். பிள்ளைகளுக்கு வானம் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஜனவரி கடைசியில் இரவு 8 மணிக்குத் தலைக்கு மேலே பாருங்கள். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரம் வேடனின் இடைவார். அதற்கு வடக்கே, தோளில் செம்மஞ்சளாக இருப்பது திருவாதிரை. மூன்றையும் கோடாக நீட்டி வடமேற்கே போனால் இன்னொரு செம்மஞ்சள் நட்சத்திரம், அது ரோகிணி. அதே கோட்டில் இன்னும் தள்ளிப் போனால் சிறு கொத்தாகக் கார்த்திகை. கண் நல்லவர்களுக்கு ஆறு எண்ண வரும். அறுமீன் என்று பழந்தமிழில் பெயர் வந்தது சும்மா அல்ல.

அதே மூன்றை எதிர்ப்பக்கம், தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே பிரகாசமான சிரியஸ். பிப்ரவரி நடுவில் 9 மணிக்கு சிரியஸ் தெற்கு வானில் உயரத்தில் நிற்க, அதற்கு நேர் கீழே, அடிவானத்திலிருந்து மூன்று கைமுட்டி உயரத்தில் தெரிவது அகத்தியர் விண்மீன். கையை நீட்டிப் பிடித்த முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. இந்த அளவு கீழே வரும் பதில்களிலும் தேவைப்படும்.

தென்சிலுவை தெரியும்னாங்க. எனக்கு ரெண்டு சிலுவை தெரியுதே, எது சரியானது?

இந்தக் குழப்பம் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். முதலில் எழுவது பொய்ச்சிலுவை. உண்மையானதைவிடப் பெரிதாகவும் மங்கலாகவும் இருக்கும். உண்மையானதற்கு மூன்றரை மணி நேரம் முன்னதாகவே தெற்கே தன் உச்சி உயரத்தைக் கடக்கும். அவசரப்பட்டு அதைப் படம் எடுத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் நிறையப் பேர்.

உண்மையான தென்சிலுவை சிறியது. நீண்ட பக்கமே முட்டியின் அகலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான். உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு: அதன் இடப்பக்கம், அதாவது கிழக்கே, பிரகாசமான இரண்டு நட்சத்திரங்கள் சோடியாகப் பின்தொடர்ந்து வரும். அவை ஆல்பா சென்டாரி, பீட்டா சென்டாரி. அந்தச் சோடி இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது பொய்ச்சிலுவை, அல்லது நேரம் இன்னும் ஆகவில்லை.

தென்சிலுவை நிமிர்ந்து உச்சிக்கு வரும் நேரம் பிப்ரவரி 20 வாக்கில் அதிகாலை 3 மணி, மார்ச் 20-இல் 1 மணி, ஏப்ரல் 20-இல் இரவு 11, மே 20-இல் இரவு 9. அப்போதும் அடிவானத்திலிருந்து இரண்டு முட்டி உயரம்தான். பேச்சிப்பாறையிலிருந்து தெற்கே குலசேகரம், மார்த்தாண்டம், நாகர்கோவில் வெளிச்சமெல்லாம் அடிவானத்தில் மஞ்சளாகப் படிந்திருக்கும். தென்சிலுவை அந்த மஞ்சளுக்கு மேலே நிற்பதால் தப்பித்துவிடுகிறது. உச்சி நேரத்துக்கு முன்பின் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

பைனாகுலர் இருந்தால் பீட்டா சென்டாரிக்கு மேலே ஒன்றேகால் முட்டி தூரத்தில், சற்று மேற்கே தேடுங்கள். பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒமேகா சென்டாரி தெரியும். பல லட்சம் நட்சத்திரங்கள் திரண்ட கொத்து அது. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே மங்கலான புள்ளியாகத் தட்டுப்படும். அதே நேரத்தில் திரும்பி வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம். ஒரே இடத்தில் நின்று இரண்டையும் பார்க்கும் வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

துருவ நட்சத்திரத்தைக் காணல. எங்க தேடணும்?

தேட வேண்டாம். இந்த அட்சரேகையில் அது வடக்கு அடிவானத்திலிருந்து 8 பாகை உயரத்தில்தான் நிற்கும். அணைக்கு வடக்கே மலை. அதன் பின்னால் ஒளிந்துவிடும்.

பால்வீதி எப்ப தெரியும்? போட்டோவுல வர்ற மாதிரி கலர் கலரா இருக்குமா?

கண்ணுக்கு நிறம் தெரியாது, சாம்பல் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் அடர்ந்த நடுப்பகுதியில் கறுப்புப் பிளவுகள் தெளிவாகத் தெரியும், அது எந்தப் படத்திலும் இல்லாத அனுபவம். ஜனவரி, பிப்ரவரி முன்னிரவில் வேடனுக்குப் பக்கமாகப் போவது மங்கலான பகுதி. அடர்ந்த பகுதி வேண்டுமென்றால் மார்ச்சில் அதிகாலை 3-லிருந்து 5 மணி வரை தென்கிழக்கே பாருங்கள். விருச்சிகத்தின் வளைந்த வாலுக்குப் பக்கத்தில் தொடங்கும். ஏப்ரல் நடுவில் நள்ளிரவு தாண்டினாலே போதும். மாலையில் வசதியாகத் தெரியும் மாதம் ஆகஸ்ட்; அப்போது இங்கே வானம் மூடிக்கிடக்கும்.

ராத்திரி தண்ணிக்கரையில போய் உக்காந்து பாக்கலாமா? யானை வருமா?

போகாதீர்கள். யானைகள் தண்ணீருக்கு இறங்குவது இருட்டில்தான், ரப்பர் தோட்டம் அவற்றுக்கு வழிப்பாதை. கோதையாறு, கீரிப்பாறைப் பக்கங்களில் குடியிருப்பு வரை வந்துபோகும். முற்றம், மாடி பற்றி முன்பே கேட்கச் சொன்னது இதற்காகத்தான். தண்ணீரை மாலை ஆறு மணிக்குள் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வேலிக்குள் இருங்கள்.

பழுத்த சக்கை (பலாப்பழம்), மட்டி வாழைப்பழக் குலை, அன்னாசி, உப்பு ஆகியவற்றை வெளியே வைக்காதீர்கள், வாகனத்திலும் வைக்காதீர்கள். கிளை முறியும் சத்தமோ அடிவயிற்றிலிருந்து வரும் உறுமலோ கேட்டால் டார்ச் அடிக்கக் கூடாது, கூச்சல் போடக் கூடாது. சத்தமில்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். அங்கே தங்கியிருக்கும் பணியாளர் 'இன்னைக்கு வெளிய வேண்டாம்' என்றால் வாதாடாமல் கேளுங்கள்.

பாய் போட்டு வெளியிலேயே படுத்துக்கலாமா? பாம்பு, அட்டை?

பார்ப்பதற்குச் சாய்வு நாற்காலி அல்லது கட்டில், தூங்குவதற்கு உள்ளே. கட்டுவிரியன் இரவில் நடமாடும்; தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது வழக்கம். கடி வலிக்காது, வீங்காது. அதனால் பலர் எறும்பென்று விட்டுவிடுகிறார்கள். விடியலில் வயிற்றுவலி, இமை தூக்க முடியாமை என்று தெரியும்போது நேரம் போயிருக்கும். கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகினால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். நடக்கும்போது மட்டும் சிவப்பு டார்ச்சை விட்டு வெள்ளை டார்ச் பிடியுங்கள், செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள். கண் பழக்கம் போனால் அரைமணியில் திரும்ப வரும்.

கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய சிகிச்சைக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்.

அட்டை மழைக்குப் பிறகுதான் தொல்லை. உப்போ சுண்ணாம்போ தொட்டால் விழுந்துவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் கொஞ்ச நேரம் வடியும். சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

காலையில மூணு மணிக்குத் தோட்டத்துக்குள்ள வெளிச்சம் அங்கங்க நகருது. யாரு?

பால் வெட்டுகிறவர்கள். வெயில் ஏறுமுன் ரப்பர்ப் பால் நன்றாக வடியும் என்பதால் நெற்றி விளக்கோடு இருட்டிலேயே தொடங்கிவிடுவார்கள். அவர்கள் பக்கம் டார்ச் அடிக்காதீர்கள். கூரான கத்தியோடு மரத்துக்கு மரம் வேகமாகப் போகிறவர்களுக்குக் கண் கூசினால் ஆபத்து.

பைனாகுலர் கொஞ்ச நேரத்துல மங்கிப்போகுது. பழுதா?

பழுதில்லை, பனி. திறந்த வானத்தைப் பார்க்கும் கண்ணாடி தன் சூட்டை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். தண்ணீரோரக் காற்றில் ஈரம் அதிகம், உடனே படியும். கறுப்புச் சார்ட் தாளைக் குழாயாகச் சுற்றி, கண்ணாடி அகலத்தைப்போல இரண்டு மடங்கு நீளத்துக்கு முன்னால் மாட்டுங்கள். பார்க்காத நேரம் கீழ்நோக்கி வையுங்கள். வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் மேற்பூச்சு கீறிவிடும். மின்விசிறிக்கு முன்னால் சற்று நேரம் வைத்தால் தானே காயும்.

ஏசி அறையிலிருந்து நேராக எடுத்து வந்தால் முதல் நிமிடமே மங்கும். பையை மூடியபடியே 20 நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். கொசு எண்ணெய் தடவிய கையால் தொடாதீர்கள். பல எண்ணெய்களில் உள்ள டீட் என்னும் ரசாயனம் பிளாஸ்டிக்கை இளக்கும்.

போன்லயே நட்சத்திரம் போட்டோ எடுக்க முடியுமா?

முக்காலி இருந்தால் முடியும். புரோ முறையில் ஐஎஸ்ஓ 1600, நேரம் 15 விநாடி, குவியம் (ஃபோகஸ்) முடிவிலிக்கு. விரல் அசைவு படத்தில் விழாமலிருக்க 3 விநாடி டைமர். வானம் மஞ்சளாக வந்தால் வெண்மைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 4000-க்குக் குறையுங்கள். 20 விநாடிக்கு மேல் போனால் தலைக்கு மேல் உள்ள நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். துருவத்துக்கு அருகில் உள்ளவை மெதுவாக நகர்பவை, அதனால் தென்சிலுவைக்கு 30 விநாடி கொடுத்தாலும் பெரிதாகக் கெடாது.

தண்ணீரில் நட்சத்திரப் பிரதிபலிப்பு வேண்டுமென்றால் காற்று அடங்கிய அதிகாலைதான். அதையும் மாடியிலிருந்தே எடுங்கள். டிரோன் கொண்டு வராதீர்கள், அணையும் காடும் அதற்குரிய இடமல்ல.

கேம்ப் ஃபயர் போட்டுத் தருவீங்களான்னு கேட்டா மாட்டேங்கிறாங்க. ஏன்?

ஜனவரியில் இலையுதிர்ந்து வானம் திறக்கும் என்று மேலே சொன்னோமே, அந்த இலையெல்லாம் தரையில் கணுக்கால் அளவு காய்ந்து கிடக்கிறது. ஒரு பொறி போதும், தோட்டம் எரிந்து காட்டுக்குள் போகும். வனத்தில் தீ மூட்டுவது குற்றமும்கூட. புகையும் வெளிச்சமும் வானத்தையும் கெடுக்கும். குளிருக்கு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும், பிளாஸ்க்கில் கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்) போதும்.

சாயங்காலம் இடி மழை வந்துட்டு. இனி படுத்துத் தூங்கிடலாமா?

அலாரம் வைத்துத் தூங்குங்கள். ஏப்ரல், மே இடிமழை பெரும்பாலும் நள்ளிரவுக்குள் ஓய்ந்துவிடும். தூசியெல்லாம் கழுவப்பட்ட பிறகு வரும் வானம்தான் அந்த மாதங்களிலேயே மிகத் தெளிவானது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை மாடிக்கோ முற்றத்துக்கோ வராதீர்கள். மழைக்கு முந்தைய இந்த நாட்களில்தான் மின்மினிகளும் கரையோரப் புதரில் அதிகம்.

மார்ச்ல ராத்திரி எட்டு மணிக்கு மேற்கே வெளிச்சம் கூம்பு மாதிரி நிக்குது. திருவனந்தபுரம் சிட்டி லைட்டா?

இரண்டும் அங்கே உண்டு, பிரித்துப் பார்க்க வேண்டும். நகர வெளிச்சம் மஞ்சளாக அடிவானத்தோடு அகலமாகப் படிந்து இரவு முழுக்க அதே இடத்தில் நிற்கும். கூம்பாக உயர்ந்து, வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து, சாம்பல் நிறத்தில் தெரிவது இராசிமண்டல ஒளி. சூரியனைச் சுற்றும் கோள்களின் தளத்தில் பரவிய தூசியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி அது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு அது ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது, அதனால் மற்ற ஊர்களைவிட எளிதில் தெரியும்.

சந்தேகமிருந்தால் முக்கால் மணி நேரம் கழித்து அதே இடத்தைப் பாருங்கள். கூம்பு தாழ்ந்து மங்கியிருந்தால் இராசிமண்டல ஒளி. அப்படியே இருந்தால் ஊர் விளக்கு. நிலவில்லாத, மேகமில்லாத பிப்ரவரி, மார்ச் மாலைகளில் 7.45 முதல் 8.45 வரை பார்த்தால் போதும். மேற்கே மரம் மறைக்காத இடமாக இருக்க வேண்டும், அதையும் புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.